எந்த வழியாகப் போகச் சொல்வீர்கள்?

என் பழைய அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கும் நிவேதா சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். தெருப் படங்களை இனிமேல் ஆட்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, நடைபாதை இருக்கிறதா, எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் ஒரு மென்பொருளே பார்த்துச் சொல்லிவிடுகிறது என்றாள். அடையாறு முழுவதையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டதாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியே, புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நீங்கள் வந்து ஒரு நாள் பேச வேண்டும், முக்கியமாக அந்த மயிலாப்பூர்த் தெரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். மேடையேறிப் பேச எனக்கு வராது, எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இது.

நான் பார்த்த வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க என் அம்மா மிகவும் கஷ்டப்பட்டாள். கடைசியில் "ராஜி ரோடு அளக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பாதி சரிதான். ஒரு தெருவில் மனிதர்கள் நடக்க முடியுமா, முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக நடக்க முடியும் என்று பார்த்து மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருந்த போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் சாலை முனைகளில் நின்று வண்டிகளை எண்ணுவதிலும் அளவு நாடா பிடிப்பதிலும் போயின.

அந்த நாடாவைக் கண்டால் ஜனங்களுக்கு அப்படி ஒரு பயம். தி.நகரில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நாடாவை விரித்தபோது கடைக்காரர் ஓடிவந்து, நாற்காலி போட்டு, கூல்டிரிங்க்ஸ் வரவழைத்து, கடை எவ்வளவு தூரம் இடிபடும் என்று கேட்டார். இடிப்பதற்கு இல்லை, ஜனங்கள் நடப்பதற்காக அளக்கிறேன் என்றேன். "நடக்கறதுக்கு எதுக்கும்மா அளவு?" என்றார். மேற்கு மாம்பலத்தில் என் வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

தெருக்களைக் காரின் கூரையில் கேமரா வைத்துப் படமெடுத்து இணையத்தில் போட ஆரம்பித்த பிறகு எங்கள் வேலை தலைகீழாக மாறியது. வெயிலில் நிற்காமல் கணினி முன் உட்கார்ந்தே சிந்தாதிரிப்பேட்டைச் சந்து ஒன்றைப் பார்க்க முடிந்தது. எங்கள் பிரிவின் தலைவி திலகவதி மேடம்தான் அதை முதலில் பிடித்துக்கொண்டவர். இதைப் பார்க்க இன்ஜினீயர் எதற்கு, நடக்கிறவர்களே பார்க்கட்டுமே என்றார். அப்படித்தான் தன்னார்வலர்கள் வந்தார்கள். கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காரும் அம்மாக்கள் என்று பலரும் வாட்ஸ்அப் வழியாகச் சேர்ந்தார்கள்.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். படத்தை உட்கார்ந்து பார்க்க மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். நாம் மதிப்பெண்ணைச் சொல்ல வாயெடுத்தால், "மார்க் அப்புறம். முதல்ல என்ன தெரியுதுன்னு சொல்லு" என்பார். கம்பம் தெரிகிறது, கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் பக்கவாட்டில் திரும்பினால் போகலாம், அங்கே ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால், "இப்ப அந்த இடத்துல நீ இல்ல, கையில குழந்தையோட ஒருத்தி வரா. இப்ப சொல்லு" என்பார். பாதி பேருக்கு அங்கேயே மதிப்பெண் மாறிவிடும்.

வேலை நடந்த முறை இதுதான். வரைபடத்தில் தெரு நெடுக, சம இடைவெளியில் புள்ளி வைப்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு திசைப் படங்களையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். ஒரே படம் பல பேருக்குப் போகும். யாருக்கு எது போயிற்று என்று மற்றவருக்குத் தெரியாது. நடைபாதை உண்டா, இருவர் சேர்ந்து நடக்கலாமா, தடை உண்டா, நிழல் உண்டா, சாலையைக் கடக்க வழி உண்டா என்று கேள்விகள் இருக்கும். பார்க்காமலே தட்டிவிடுகிறவர்களைப் பிடிக்க, எங்களுக்கு விடை தெரிந்த படங்களை நடுநடுவே நுழைத்துவிடுவோம். பிறகு, வந்த விடைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு நானே அந்தத் தெருவுக்குப் போய்ச் சரிபார்ப்பேன். தெரு மதிப்பெண்ணுக்கேற்ப வரைபடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும்.

அடையாற்றில் முதல் முறை சரிபார்க்கப் போனபோது பல இடங்களில் இருந்தது ஒன்று, குறித்தது வேறொன்று. நடைபாதை உண்டு என்று குறித்திருந்த இடத்தில் கல்லும் சாக்கடை மூடியும் கிடந்தன. படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது. கேமரா கார் சாலை நடுவில் போகிறது. ஓரத்தில் நிற்கும் கார்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் உண்டு, இல்லை என்ற இரண்டு விடைகள்தான் நாங்கள் கொடுத்திருந்தோம். பாவம், ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள். "தெரியவில்லை" என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். அன்றே சேர்க்கச் சொன்னார். அடுத்த சுற்றில், எந்தத் தெருவில் "தெரியவில்லை" குவிந்ததோ அங்கே கார்கள் நடைபாதையை மறைத்து நிற்கின்றன என்று நேரில் போகாமலே சொல்ல முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

இனி அந்த மயிலாப்பூர்த் தெரு. பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயில் பக்கம் போகிற தெருக்களில் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே குடியிருப்பவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். நடைபாதையின் சாலையோர விளிம்பில் பூ, பழம், கீரை, வெற்றிலை, தேங்காய் என்று வரிசையாக வியாபாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கேள்வியில் "நடைபாதையில் தடை உண்டா?" என்று இருந்தது. கூடையைப் பார்த்த எல்லோரும் உண்டு என்று குறித்தார்கள். வரைபடத்தில் அந்தத் தெரு அடர்ந்த சிவப்பாக வந்தது.

ஆய்வைக் கேட்டிருந்த அலுவலகத்தின் பொறியாளர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். நடைபாதை போடவோ மரம் நடவோ தேவையில்லை, வியாபாரிகளை எழுப்பிவிட்டால் தெரு பச்சையாகிவிடும் என்று முடிவு செய்தார். தெருவாசிகள் சங்கத்தின் செயலாளர் சந்தானம் சாரும் அதை வரவேற்றார். அவர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், கறாரான மனிதர். எங்களுக்கு மிக நல்ல தன்னார்வலரும் அவர்தான். அந்த வட்டாரத்தில் பாதிப் பேரைச் சேர்த்துவிட்டதே அவர். வயதானவர்கள் நடக்க வழியில்லை என்று பல காலமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். அவர் கவலை பொய்யில்லை.

நான் சரிபார்க்கப் போன நாளில் பூக்கடை கன்னியம்மா என்னை நிறுத்தினாள். அவள் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். அந்த இடத்தைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். வாடிக்கை எல்லாம் மயிலாப்பூரில் என்பதால் விடிவதற்குள் பேருந்து பிடித்து வருவாள். என் கழுத்து அட்டையைப் பார்த்ததும் தொடுத்துக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"போட்டோவ பாத்துட்டு எங்கள தூக்க சொன்னது நீதானாம்மா?"

நான் யாரையும் தூக்கச் சொல்லவில்லை என்றேன்.

"நீ சொல்லல. உன் போட்டோ சொல்லிச்சின்றாங்க. இன்னாதான் தெரிஞ்சிச்சு அதுல?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவளுக்கு வீடு ஒரு முறை போயிற்று. இப்போது உட்காருகிற இடமும் போகப் போகிறது. என்ன தெரிந்தது என்று அவளுக்கு நான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

அலுவலகம் திரும்பி அந்தத் தெருவை மறுபடி திறந்தேன். அந்தக் கேமரா கார் ஒரே தெருவுக்குப் பல வருடங்களில் வந்திருக்கிறது. பழைய படங்களும் உள்ளேயே இருக்கும், ஓரத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் பின்னால் போகலாம். நாங்கள் எப்போதும் புதிய படத்தைத்தான் எடுப்போம், பின்னால் போக அவசியம் வந்ததில்லை. அன்று போனேன். சில வருடங்களுக்கு முந்தைய படத்தில் அந்தத் தெருவில் ஒரு வியாபாரிகூட இல்லை.

நடைபாதையும் இல்லை. அதாவது, கண்ணில் படவில்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கார்கள் இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிற்கின்றன. இடைவெளியெல்லாம் பைக். ஒரு பெண் துணிப்பையோடு சாலையில் இறங்கி நடக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பேருந்து. புதிய படத்துக்கு வந்தேன். வியாபாரிகள் விளிம்பில் வரிசையாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் மதில் சுவருக்கும் நடுவே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். வரிசை முடிகிற கோடிகளில் மட்டும் இன்னும் கார்கள் ஏறி நிற்கின்றன; கூடை இருக்கிற இடத்தில் கார் ஏற முடியாது. அவ்வளவுதான் விஷயம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

மேடம் வந்து நின்று பார்த்தார். "என்ன தெரியுது, சொல்லு" என்றார். சொன்னேன். வெகுநேரம் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, ஒரு தெருவை வைத்துக்கொண்டு யாரோடும் வாதாட முடியாது, இது போல வேறு தெருக்கள் இருக்கின்றனவா என்று தேடச் சொன்னார். தி.நகர், அடையாறு, மேற்கு மாம்பலம் எல்லாம் தேடினேன். வியாபாரிகள் இருந்த காலம், இல்லாத காலம் என்று ஒரே இடத்தின் இரண்டு படங்கள் ஜோடி ஜோடியாகக் கிடைத்தன.

அடுத்து, கேள்வி. "தடை உண்டா?" என்று மறுபடி கேட்டால் மறுபடி உண்டு என்றுதான் வரும். மேடமும் நானும் ஒரு முழு நாள் அதற்காக உட்கார்ந்தோம். "எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டால் அழகைச் சொல்வார்கள். "எது பாதுகாப்பு?" என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். கடைசியில் மேடமே எழுதினார்: "உங்கள் வீட்டுப் பெண் சாயங்காலம் தனியாக நடந்து வர வேண்டும். இந்த இரண்டில் எந்த வழியாகப் போகச் சொல்வீர்கள்?" படிக்கும்போதே எனக்கு என் மகள் ஞாபகம் வந்தது. அதுதான் சரியான கேள்வி என்று தெரிந்துவிட்டது.

ஜோடிகளைக் கலந்து எல்லாத் தன்னார்வலர்களுக்கும் அனுப்பினோம். இடமும் வருடமும் சொல்லவில்லை. ஒரே ஜோடியை வலது இடது மாற்றி இரண்டாவது முறையும் காட்டினோம். முதலில் சொன்னதையே சொல்கிறார்களா என்று பார்க்க. விடைகள் வரத் தொடங்கின. ஏறக்குறைய எல்லா ஜோடியிலும் வியாபாரிகள் இருந்த படமே ஜெயித்தது. தோற்ற இடங்களும் இருந்தன; கடைகள் நடைபாதையின் முழு அகலத்தையும் அடைத்திருந்த இடங்கள். அதை மறைக்கக் கூடாது, அதுதான் நமக்கு வழி சொல்கிறது என்றார் மேடம். கடை இருக்கலாம், ஆனால் இருவர் சேர்ந்து நடக்க இடம் மிச்சம் இருக்க வேண்டும். நாடாவை எடுத்துக்கொண்டு அந்த மயிலாப்பூர்த் தெருவுக்குப் போய் அளந்தேன். கார்கள் இல்லாவிட்டால் இடம் தாராளமாக இருந்தது.

இதையெல்லாம் பொறியாளருக்கும் தெருவாசிகளுக்கும் காட்ட ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்தைய நாள் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விடைகளை யார் குறித்தது என்பது எங்கள் கணினியில் தெரியும். அந்த மயிலாப்பூர் ஜோடிக்குச் சந்தானம் சார் இரண்டு முறையும் பூக்கடை இருந்த படத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். நாளைக்கு அவர் எழுந்து எதிர்த்தால் இதைச் சொல்லிவிடலாமே என்றேன். மேடம் தலையை அசைத்து மறுத்தார்.

"கூடாது ராஜி. அவர் நம்மள நம்பித்தான் குறிச்சார். தோத்தாலும் பரவாயில்ல, அந்தப் பேர் உன் வாயிலேர்ந்து வரக் கூடாது."

பிறகு, நாளைக்கு நீதான் பேசப் போகிறாய் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. முன்வரிசையில் பொறியாளரும் சங்கத்துக்காரர்களும். பின்னால் சுவரோரமாகக் கன்னியம்மாவும் மற்ற வியாபாரிகளும் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. மேடம் சொல்லிக்கொடுத்தது போலவே செய்தேன். திரையில் பழைய படத்தைப் போட்டு, என்ன தெரிகிறது என்பதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கார், பைக், சாலையில் இறங்கிய பெண், பேருந்து. பிறகு புதிய படம். அதிலும் அப்படியே. இரண்டும் ஒரே இடம் என்று கடைசியில்தான் சொன்னேன். மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. நடக்கிற இடத்தை உண்மையில் அடைப்பது நிற்கும் வண்டிகள்தான், வியாபாரிகளை விளிம்பிலேயே ஒரே வரிசையில் விட்டுவிட்டு, வண்டி ஏறாமல் கல் நட்டு, நிறுத்த இடத்தை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினால் போதும் என்று சொல்லி முடித்தேன்.

பொறியாளர் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "இதையெல்லாம் தேர்ந்தெடுத்தது யாரு மேடம்? எங்கேயோ உட்கார்ந்து போன்ல தட்டறவங்க. தினம் இந்தத் தெருவுல நடக்கிறவங்க இதையே சொல்வாங்களா?"

எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லக் கூடாது. எல்லா வட்டாரத்திலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொதுவாக ஏதோ சொன்னேன். அது எடுபடவில்லை. மேடத்தைப் பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சந்தானம் சார் எழுந்தார். எதிர்க்கத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தட்டினவாள்ல நானும் ஒருத்தன்" என்றார். "எங்க தெருன்னு பாத்த உடனேயே தெரிஞ்சுடுத்து. தெரிஞ்சுண்டுதான் போட்டேன். எங்காத்துல அவ தெனம் சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போயிட்டு வரா. எந்த வழியாப் போகச் சொல்வேள்னு கேட்டிருந்தா. பூக்காரி இருக்கற வழியாத்தான் போகச் சொல்வேன். பொய் எழுத முடியலை. ரெண்டாவது தடவை கேட்டப்பவும் முடியலை."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"மனு எழுதினதும் நான்தான். வயசானவா நடக்கணும்னு எழுதினேன். அது இப்பவும் மாறலை. ஆனா எடுக்க வேண்டியது கூடையை இல்லை. என் காரும் அந்தப் பிளாட்பாரத்துலதான் நிக்கறது. அதை மொதல்ல எடுத்துடறேன்."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் சங்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கார்களும் அங்கேதான் நின்றன. பொறியாளர் திரையில் இருந்த புதிய படத்தை மறுபடி காட்டச் சொன்னார். எழுந்து வந்து, கல் எங்கெங்கே நட வேண்டும் என்று விரலால் காட்டிக் கேட்க ஆரம்பித்தார். நானும் திரைப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னேன். பின்னால் திரும்பிப் பார்த்தால், வியாபாரிகள் எல்லோரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை சீக்கிரமாகவே தொடங்கியது. நடைபாதையின் உயரத்தைக் குறைத்தார்கள். கேட் வாசல்களில் சரிவு வைத்தார்கள். விளிம்பில் கற்கள் நட்டார்கள். மின்பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார்கள். கற்களை ஒட்டி வியாபாரிகளுக்குக் கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டிக் கூடை வந்தால் கன்னியம்மாவே சத்தம் போட்டு உள்ளே இழுக்கச் சொல்வாள். கல் நட்ட வாரத்தில் சந்தானம் சார் மனைவியோடு நடந்து வந்து அவளிடம் மல்லி வாங்குவதைப் பார்த்தேன். மனு விஷயம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழம் போடும்போது மட்டும், "நைனா, அடுத்த தபா போட்டோ எடுக்க வரச்சொல்லோ முன்னாடியே சொல்லு, நல்ல பொடவையா கட்டிக்கினு வரேன்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தன்னார்வலர்கள் புதிதாக மதிப்பெண் போட்டபோது தெரு பச்சையாக வந்தது. "தடை உண்டா?" என்ற கேள்வியை நாங்கள் எடுத்தே விட்டோம். நிற்கும் வண்டி தனி, கம்பமும் பெட்டியும் தனி, வியாபாரிகள் தனி, மிச்சமிருக்கும் அகலம் தனி என்று பிரித்தோம். மேடத்தின் கேள்வி எல்லாப் படிவங்களிலும் கடைசிக் கேள்வியாகச் சேர்ந்தது. அதை வைத்துத் தி.நகரில் ஒரு தெருவும் அடையாற்றில் இரண்டு தெருக்களும் மாறின. வியாபாரிகள் யாரும் எழுந்து போகவில்லை. ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலையைப் போட்டுவிட்டு என்னென்னவோ சொன்னார்கள். எனக்கு அந்தத் தெருக்களின் பெயர்கள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

போன வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்த மயிலாப்பூர்த் தெருவை இணையத்தில் திறந்தேன். கேமரா கார் திரும்பவும் வந்து போயிருக்கிறது. புத்தம் புதிய படம். கற்கள், கோடு, கீரைக்கட்டு, சரிவில் ஏறும் ஒரு தள்ளுவண்டிக் குழந்தை. நடைபாதையின் நடுவில் ஊதாப் புடவையில் ஒரு பெண்மணி, கையில் பூப்பொட்டலத்தோடு, யாருக்கும் ஒதுங்காமல் நிதானமாக நடந்து போகிறாள். வழக்கம் போல முகத்தைத் தெரியாதபடி மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அந்த ஊதாப் புடவை என் பீரோவில் இருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நீ இவ்ளோ மெதுவாவா நடக்கறே?" என்றார்.

மெதுவாக நடக்கலாம் அந்தத் தெருவில்.